"முதுகு" என்று அவள் சொன்னபோது

அம்மனை நம்பும் என் சொந்தங்களே, இதை அழாமல் எழுத எனக்குத் தெரியவில்லை.

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இலங்கை மலையகத்தில் லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தூறல். கொழுந்து பறிக்கப் புறப்பட்ட என் மனைவி லெட்சுமி லயத்து வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, முதுகு ரெண்டாக் கிழியுதுங்க."

"கூடை சுமக்குற முதுகு பின்ன பூவாட்டமா இருக்கும்? தைலத்தத் தேச்சிக்கிட்டுப் போ."

"ஒரு நாளைக்கு நீங்க சுமந்து பாருங்க, அப்பத் தெரியும்" என்று சிரித்துவிட்டுத்தான் போனாள். எங்கள் மலையில் முதுகுவலி ஒரு நோயே இல்லை. கூடையைக் கொடுக்கும்போதே அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

பத்து மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியிருந்தது. பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில் சிங்கள டாக்டர் ஒருவர் பொறுமையாகத் தமிழில் கேட்டார். "இதுக்கு முந்தி எங்கயாவது வலி இருந்ததா?"

"இல்லீங்க ஐயா" என்றேன். பொய்யில்லை. எனக்கு அது வலியாகவே படவில்லை.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பக்கவாதம், கட்டிய இரத்தத்தைக் கரைக்க ஊசி போட வேண்டும் என்றார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். தாயே, இவளை ஒரு சொல் பேச வை. ஒரே ஒரு சொல்.

அவள் உதடு அசைந்தது. காதை வைத்தேன்.

"மு... துகு."

ஓடினேன். "ஐயா, காலையில முதுகு கிழியுதுன்னா! நாந்தாங்க சொல்லல!"

டாக்டர் வந்து இரண்டு மணிக்கட்டையும் பிடித்தார். வலதில் துடிப்பு இருந்தது. இடதில் இல்லை.

"ஊசி வேணாம், நிப்பாட்டுங்க!"

நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய் உள்ளுக்குள் கிழிந்து, மூளைக்குப் போகும் வழியை அடைத்திருந்தது. அந்த ஊசி ஏறியிருந்தால் கிழிசலில் இரத்தம் பெருகி அவள் உயிரே போயிருக்கும் என்றார். அன்றே கொழும்புக்குக் கொண்டுபோய் நெஞ்சைத் திறந்து தைத்தார்கள்.

பிழைத்தாள். கம்பு ஊன்றி நடக்கிறாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. தாய் கேட்டதைக் கொடுத்தாள். குறைத்துக் கேட்டவன் நான். கோயிலுக்கு நன்றி சொல்லத்தான் போகிறேன், அழுதுவிட்டு வருகிறேன்.

நம்பிக் கேளுங்கள், சொந்தங்களே. தாய் பதில் தருவாள். அது யார் வாயிலிருந்து வரும் என்பதுதான் தெரியாது. வீட்டில் ஒருத்தி வலிக்கிறது என்றால், கும்பிட்ட கையோடு நின்று அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.