காபன் வரி போன நாளில் லிண்ட்சேக்குப் போனோம்

ஸ்காபரோவில் லைசென்ஸ் எடுக்கிற றைவிங் ரெஸ்ற்றில் இரண்டு தரம் விழுந்த எங்கள் ஆட்கள், மூன்றாம் தரம் லிண்ட்சேக்குப் போவார்கள். சின்ன ஊர், றோட்டில் கார் குறைவு. நானும் போனேன். வயது ஐம்பத்திரண்டு. தூரம் நூற்றிப் பத்துக் கிலோமீற்றர், பதினொரு மணிக்கு ரெஸ்ற். இந்த முறையும் விழுந்தால், மனுசன் வேலைக்குப் போகிற நாளில் கோயிலுக்குப் போகவும் மருமகளிடம்தான் கெஞ்ச வேண்டும்.

அன்று 2025 ஏப்ரல் முதலாம் திகதி, பெற்றோலில் போட்டிருந்த காபன் வரியை, அதுதான் கரிப்புகைக்கான வரியை, அரசாங்கம் நீக்கின நாள். லீற்றருக்குப் பதினேழு சதத்துக்கு மேல் குறையும் என்று என் மனுசன் நாலு நாளாக வானுக்குப் பெற்றோலைக் கண்ணிலும் காட்டவில்லை. எட்டரைக்கு வெளிக்கிட்டோம். ஸ்காபரோவில் விலை விழுந்துதான் இருந்தது, ஆனால் நீள வரிசை. அஜக்ஸில், "விட்பியில பாப்பம்" என்றார். விட்பியில், "தோட்டப் பக்கம் இன்னும் ஒரு சதம் குறைவா இருக்கும்" என்றார்.

முப்பத்தைந்தாம் நெடுஞ்சாலையில், வெறும் சோளக் காணிகளுக்கு நடுவே வான் இருமி நின்றது.

"உங்கட ஒரு சதம் வந்திட்டுது. இறங்கிப் பொறுக்குங்கோ."

"வாயை மூடு. அங்க பார், பண்ணை. பெரிய எண்ணெய் ராங்க் நிக்குது."

ராங்கைப் பற்றிக் கேட்டதும் பண்ணைக்கார வெள்ளைக்காரர் சிரித்தார். அது டீசலாம். சிவப்புச் சாயம் போட்டது, தோட்ட வேலைக்கு மட்டும், றோட்டில் ஓடினால் தண்டம். எங்கள் வானோ பெற்றோல். வரி போனது உங்களுக்குச் சந்தோசம்தானே என்று மனுசன் இங்கிலீசில் விசாரித்தார். ட்ராக்டர் டீசலுக்கு அந்த வரி முதலே இல்லை, தானியம் காயவைக்கிற காஸுக்குத்தான் கட்டினேன் என்றார் அவர். இவ்வளவு காலமும் விவசாயிகள் பாவம் என்று ட்ராக்டருக்காகவும் சேர்த்து அந்த வரிக்கு எதிராகக் கத்தின மனுசன், கதையை மெல்லப் பெற்றோலுக்குத் திருப்பினார்.

கடைசியில் புல்லு வெட்டுற மெசினுக்கு வைத்திருந்த பெற்றோல் கானைத் தூக்கி வந்து, வாங்கின விலைக்கே தந்தார்.

"எப்ப வாங்கினவராம்?"

"போன கிழமை."

"அப்ப காபன் வரியோட?"

"ஓம். சத்தம் போடாத."

அன்றைக்கு ஒன்ராறியோ முழுக்க அந்த வரியைக் கட்டின ஒரே ஆள் என் மனுசனாகத்தான் இருக்கும். லிண்ட்சே வரைக்கும் சிரித்துக்கொண்டே போனேன். அந்தச் சிரிப்போடேயே ரெஸ்ற்றிலும் ஓட்டினேன். பாஸ்!

போகிறவர்களுக்கு: 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், 35இல் வடக்கே திரும்புங்கள். ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். எந்த வரி வந்தாலும் போனாலும் பெற்றோலை முதல் நாளே அடித்துவிடுங்கள்.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். முதல் கண்ட பெற்றோல் நிலையத்துக்குள் வானைத் திருப்பினேன்.

"இஞ்சேர், அங்கால ஒரு சதம்..." என்று தொடங்கினார்.

"றைவரோட கதைக்கக் கூடாது" என்றேன்.