முதல்வரின் செய்தியில் இல்லாத பெயர்

இன்று பள்ளிபாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சௌமியாவின் அப்பா. விசைத்தறி ஓட்டுகிறவர். சௌமியா எங்கள் கல்லூரியில் என்னிடம் கணிதம் படித்தவள். கோடை விடுமுறையில் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அவர் போனை நீட்டினார்.

"காலேஜுல இருந்து வந்துச்சுங்க சார். இங்கிலீஷுல இருக்குது. புள்ளையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்காங்களான்னு ஊட்டுல அவங்கம்மா கேக்குது."

புதிய கல்வியாண்டுக்காகக் கல்லூரி முதல்வர் எல்லோருக்கும் அனுப்பிய செய்தி அது. புதிய அரங்கம், வண்டி நிறுத்த இடம், விடுமுறை அனைவருக்கும் இனிதாகக் கழிந்திருக்கும் என்ற நம்பிக்கை. இரண்டு முறை படித்தேன்.

"இல்லைங்க" என்றேன்.

"பரவால்லீங்க. பெரிய காலேஜு. ஒவ்வொருத்தரப் பத்தியும் எழுத முடியுங்களா?"

இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லூரி வாட்ஸ்அப் குழுவில், முதல்வரின் செய்திக்குக் கீழே, சௌமியாவுக்கு ஒரு வரி அஞ்சலியாவது சேர்க்க வேண்டும் என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது நீக்கப்பட்டிருந்தது. இனி அந்தக் குழுவில் அட்மின் மட்டும்தான் எழுத முடியுமாம்.

இந்த ஃபேஸ்புக் பக்கத்துக்கு நான்தான் அட்மின். சௌமியாவைத் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். அவள் வீட்டில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.