கலர் இங்க் தீர்ந்த பிறகு

போட்டோ ஸ்டுடியோ தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: படம் நன்றாக வந்தால் அது வாடிக்கையாளரின் முகராசி, நன்றாக வராவிட்டால் அது நம் கேமராவின் கோளாறு. இதைப் படிக்கும் சக போட்டோகிராபர்கள் விடுகிற பெருமூச்சு எனக்குப் போர்ட் பிளேர் வரைக்கும் கேட்கிறது.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து மேலே ஏறும் சாலையில் பதினாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். நானும் என் நாத்தனார் செல்வியும்தான் மொத்த ஸ்டுடியோவும். நான் படம் எடுப்பேன். அவள் பிரேம் போடுவாள், வந்தவர்களுக்குத் தலை வாரிவிடுவாள், சிரிக்காதவர்களைச் சிரிக்கவைப்பாள். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எங்கள் கடைக்கு இங்கே கொஞ்சம் பெயர் உண்டு. ஆனால் அது திட்டம் போட்டு வாங்கிய பெயர் இல்லை.

கப்பல் வராத வாரம்

கடல் கொந்தளிப்பு என்று மெயின்லேண்டிலிருந்து வரவேண்டிய கப்பல் ஒரு வாரம் தள்ளிப்போனது. எங்கள் பிரிண்டருக்கான கலர் இங்க் அந்தக் கப்பலில் இருந்தது. கடையில் மிச்சம் இருந்தது கறுப்பு மட்டும். அன்றைக்கென்று பார்த்து நடு அந்தமானின் ரங்கத் ஊரிலிருந்து காண்ட்ராக்டர் முத்தையா குடும்பத்தோடு வந்து இறங்கினார். புதுவீட்டு ஹாலில் மாட்டப் படம் வேண்டும், மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் திரும்பியாக வேண்டும். கிளிப்பச்சைப் பட்டில் மனைவி, ஆரஞ்சு சட்டையில் மகன், ரோஸ் கவுனில் மகள், பெரிய பெரிய பூப்போட்ட சட்டையில் மச்சினன். பார்த்ததுமே எனக்குக் கண் கூசியது.

“கறுப்பு வெள்ளைதான் முடியும் அண்ணாச்சி” என்றேன். “புது வீட்டுக்குப் பழைய படமா?” என்று முறைத்தார். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். படத்தை வாங்கிக்கொண்டு போகும்போதும் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று போனைச் செல்வியிடம் நீட்டினேன். அவளோ விவரமாக அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நகர்ந்துகொண்டாள். இன்னும் இரண்டு பிரதி வேண்டுமாம். அப்படி என்ன பிடித்துப்போனது என்று கேட்டேன்.

“என்னமோம்மா, நாங்க எல்லாரும் ஒரே குடும்பத்து ஆளுங்கன்னு தெரியறது இந்தப் படத்துலதான்.”

ஒரிஜினல் எங்கே?

முத்தையா படத்தின் ஒரு பிரதியைக் கடை வாசலில் மாட்டினோம். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்து மிட்டாய்க் கடைக்காரர் தனக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார். வங்காளி. எங்களோடு பேசிப் பேசி, பாதி இந்தி பாதி தமிழாக ஒரு பாஷை வைத்திருக்கிறார். படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏ தோ ஜெராக்ஸ் ஹை” என்றார். “ஒரிஜினல் கிதர் ஹை?”

இதுதான் ஒரிஜினல் என்று செல்வி இந்தியில் சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். கலரில் இருந்த அதே படத்தைக் கம்ப்யூட்டரில் பக்கத்தில் வைத்தும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கலரில் அவர் பனியன் மஞ்சளாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் ஏதோ ஜமீன்தார் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அவருக்கே அது தெரிந்துவிட்டது. மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

“டீக் ஹை தீதி, ஜெராக்ஸே இருக்கட்டும். மேல ஒரு அட்டெஸ்டேஷன் சீல் மட்டும் போட்டுக் குடு.”

சுவரில் தொங்கியவர்

கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருந்து ரிட்டயர் ஆன சண்முகம் மாமா, ஆசையாக ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக்கொண்டார். கம்பீரமாக, சிரிக்காமல், பெரிய சைஸில். அவர் மனைவி அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். காலையில் சாமிக்குப் பூ வைக்கும்போது ஒரு சாண் சரம் மிஞ்சும். வீணாக்க வேண்டாம் என்று அதை இவர் படத்துக்கும் வைத்துவிடுவார். இப்படியே ஒரு வாரம் நடந்திருக்கிறது.

ஒருநாள் அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பார்க்க வந்திருக்கிறார். கூடத்தில் நுழைந்ததும் கண்ணில் பட்டது படமும் பூவும். மனுஷர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!” என்று குரலெடுத்து அழ ஆரம்பித்துவிட்டார். அழுகைச் சத்தம் கேட்டு, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மாமா சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். நண்பருக்குத் தண்ணீர் தெளித்து உட்காரவைக்க அரைமணி நேரம் ஆனதாம்.

மறுநாள் மாமா பிரேமைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். கலரில் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். கூடாதாம். கறுப்பு வெள்ளையில்தான் அவர் முகத்துக்கு ஒரு களை இருக்கிறதாம்.

“கறுப்பு வெள்ளையிலேயே பல்லு தெரியற மாதிரி ஒண்ணு எடும்மா. பல்லைக் காட்டுறவனுக்கு எவனும் மாலை போடமாட்டான்.”

நீலக் கடலுக்கு வந்த சண்டை

கோயம்புத்தூரிலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி ஒன்று கடற்கரையில் படமெடுக்க என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போனது. கல்யாணமாகி நாலு நாள்தான். அந்தப் பெண்ணுக்குக் கறுப்பு வெள்ளை வேண்டும். மாப்பிள்ளைக்கு, இவ்வளவு தூரம் வந்த பிறகு கடல் நீலமாகத் தெரிந்தே ஆகவேண்டும். முதல் சண்டை என் கண்முன்னாலேயே ஆரம்பமானது. “உங்களுக்கு நான் முக்கியமா, கடல் முக்கியமா?” என்று அவள் கேட்டாள். அவர் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு.

இரண்டு விதமாகவும் தருகிறேன் என்று சமாதானம் செய்து எடுத்தேன். படகில் திரும்பும்போது கேமராவிலேயே காட்டினேன். கலரில் கடல்தான் கண்ணைப் பறித்தது. அவர்கள் இரண்டு பேரும் அதற்குக் காவல் நிற்பவர்கள்போல ஓரமாக இருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் மழைமேகத்துக்கு முன்னால் அவள் கோபம் தீராத முகத்தோடு நிற்க, அவர் பயந்து பயந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது துல்லியமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பெரிசாப் போட இதையே வச்சுக்குங்க மேடம்” என்று சரணடைந்தார். படகில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அந்தோணி, எங்கள் ஊர்க்காரர், தூத்துக்குடிப் பக்கம், எட்டிப் பார்த்தார்.

“இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தாவ? மெரினாவுலயே நின்னுருக்கலாமே, அங்க கடலே கறுப்பு வெள்ளைதான.”

லாங் ஐலண்டிலிருந்து வந்த வசந்தி

வசந்தி லாங் ஐலண்டில் அங்கன்வாடி டீச்சர். மாநிறம். இடது கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலேயும் வெண்புள்ளி. கல்யாணப் பேச்சுக்காக இரண்டு வீடுகளுக்குப் படம் போய், இரண்டிலிருந்தும் பதிலே வரவில்லை. மூன்றாவதாக மாயாபந்தரில் ஒரு வீடு படம் கேட்டிருந்தது. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் புள்ளி தெரியாது என்று யாரோ சொல்லி, போட் ஏறி வந்திருந்தாள்.

“மறைஞ்சிடும்ல அக்கா?” என்று கேட்டாள். நான் யோசிக்காமல் “மறைஞ்சிடும்” என்றேன். சக போட்டோகிராபர்களே, நமக்கு முதல் எதிரி நம் வாய்தான்.

செல்வி என்னமோ சொல்லி அவளைச் சிரிக்கவைத்தாள். நான் எடுத்துவிட்டேன். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மறையவில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெளிச்சமும் இருட்டும்தானே. புள்ளிகள் முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தன. செல்வி, “மைனி, டீ வாங்கியாறேன்” என்று நைசாக நழுவிவிட்டாள்.

“அஞ்சு நிமிஷம் பொறும்மா, சரி பண்ணிடுறேன்” என்று மௌஸைப் பிடித்தேன். வசந்தி ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கன்னத்துப் புள்ளியை அழித்தேன். உதட்டுக்கு மேல் அழித்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முழுக்க முடித்துவிட்டு, “எப்படி?” என்றேன்.

“இது என் சித்தி பொண்ணு மாதிரி இருக்குக்கா. அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.”

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவளே சிரித்துவிட்டாள். பிறகு பழைய படத்தை மறுபடி வைக்கச் சொன்னாள். கன்னத்தில் கைவைத்தபடி ரொம்ப நேரம் பார்த்தாள். “இதையே போடுங்க” என்றாள். நிஜமாகவா என்று இரண்டு தடவை கேட்டேன். “படத்தைப் பாத்து ஒருத்தர் வந்து, அப்புறம் என்னைப் பாத்துத் திரும்பிப் போறதை என்னால உக்காந்து பாக்க முடியாதுக்கா. பாத்துட்டு வர்றவர் வரட்டும்.”

அவள் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த மாதம் லாங் ஐலண்ட் போட் வரும் நாளெல்லாம் என் கண் ஜெட்டிப் பக்கமே போனது. செல்வி ஒருபடி மேலே போய்ப் புனித அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

நாலு மாதம் கழித்து வசந்தி கடைக்குள் வந்தாள். கழுத்தில் புதுத் தாலி. பின்னால் ஒல்லியாக, உயரமாக ஒருவர். குமரேசன், மாயாபந்தரில் பஸ் மெக்கானிக். செல்விக்குச் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், படம் பார்த்து என்ன நினைத்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கூச்சப்பட்டார். “வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எனக்கு, இந்தப் பொண்ணு எதைக் கேட்டு இப்படிச் சிரிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. கேக்கலாம்னுதான் போனேன்” என்றார். செல்வி அன்றைக்கு அவளிடம் என்ன சொன்னாள் என்பதை இன்றுவரை இரண்டு பேரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜோடியாக உட்காரவைத்துவிட்டு, கலரா, கறுப்பு வெள்ளையா என்று கேட்டேன். வசந்தி அவரைப் பார்த்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

“கறுப்பு வெள்ளையே போடுங்கக்கா. நகத்துல இருக்குற கிரீஸை நிழல்னு நினைச்சுக்குவாங்க.”

ஆக, இத்தனை வருட அனுபவத்தில் நான் கண்டது, ஒருவர் ‘உள்ளபடி எடுங்க’ என்றால் ‘உள்ளதைவிடக் கொஞ்சம் நல்லா எடுங்க’ என்று அர்த்தம், கறுப்பு வெள்ளை இந்த இரண்டையும் ஒரே படத்தில் முடித்துக் கொடுத்துவிடுகிறது, நான் பக்கத்தில் நின்று பெயரை வாங்கிக்கொள்கிறேன்.