மேரிக்கு நான் எழுதாமல் விட்ட பதில்

விழுப்புரத்தில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் நின்றிருந்தபோதுதான் அந்தோணி அண்ணனின் அழைப்பு வந்தது. "தம்பி, மேரி போய்ட்டா. சாயந்திரம் அடக்கம். ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லிடுங்க" என்றார். மனைவியை இழந்த மனிதர் குரல் உடையாமல் பேசினார். எனக்கோ அழுகைகூட வரவில்லை. மாடியில் என் கணினியில் மேரி அனுப்பிய வேலை ஒன்று என் பதிலுக்காகக் காத்துக்கிடக்கிறது என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது. சாவுச் செய்தி கேட்டதும் துக்கத்துக்கு முன்னால் வெட்கப்பட்ட ஜன்மம் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆரோக்கியமேரியை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யாரும் இல்லை. அறியாதவர்கள் படிக்க நேர்ந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி நிரல் (கோட்) எழுதுகிறவர்களில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதையெல்லாம் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அந்த வரலாற்றை இணையத்தில் பார்க்க உதவும் பக்கங்களைப் பராமரிப்பதுதான் எங்கள் பிழைப்பு. எடுத்த வரி சிவப்பில் தெரியும், சேர்த்த வரி பச்சையில் தெரியும். டீக்கடைக்கும் உரக்கடைக்கும் மேலே இருக்கும் அந்த மாடியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கங்களில் ஒரு பொத்தானை நகர்த்துவோம், ஒரு பிழையைத் திருத்துவோம். அது சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே பார்த்துச் சொல்லும் டெஸ்ட் ஒன்றையும் கூடவே எழுதுவோம். ஒருவர் செய்ததை இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அது உள்ளே போகும். நான் எழுதுவதை மேரி பார்ப்பார், மேரி எழுதுவதை நான் பார்ப்பேன். ஏழெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொழுப்பு அதிகம். வரலாற்றுப் பக்கம் முழுவதையும் ஒரே வீச்சில் புரட்டிப் போட்டு அவருக்கு அனுப்பினேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். திண்டிவனம் பஸ்ஸில் வந்து இறங்கியவர் பையை மேசையில் வைத்தார், உள்ளேயிருந்து அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, எடுத்து எல்லோருக்கும் நடுவில் கொட்டினார், பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னா செல்வா, இது மாற்றமா, இல்ல வூடு காலி பண்ணிக்கினு போறியா? இதுல எங்க தப்பு இருக்குதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒவ்வொண்ணா பிரிச்சி எடுத்துக்கினு வா." அந்த வாரம் முழுக்கப் பிரித்தேன், திட்டிக்கொண்டே பிரித்தேன். பிரித்த துண்டுகளில் ஒன்றில் அபத்தமான பிழை ஒன்று இருந்தது. முழுசாகப் போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அவரும் தப்பு செய்திருக்கிறார். ஒருநாள் காலை வந்து உட்காரும் முன்பே, "நேத்து பக்கத்தை ஒடச்சது நான்தான், யாரும் தேடிக்கினு இருக்காதீங்க" என்று சத்தமாகச் சொன்னார். வந்து சேர்ந்த ஏதோ பண்டிகைச் செய்தி மாதிரிதான் சொன்னார். நானானால் யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். என் வேலையில் அவர் குறை சொல்லும்போதெல்லாம் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொள்வேன். ஒருமுறை அதைக் கவனித்துவிட்டார். "வெக்கம் எதுக்குடா? தப்பு கோட்லதான இருக்குது, உன் மூஞ்சியிலயா இருக்குது?" என்றார்.

டெஸ்ட் விஷயத்தில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு, உங்களுக்கே தெரியும். திருத்தத்தை எழுதி, டெஸ்டும் எழுதி, சரி என்று பச்சை விழுந்ததும் நாமெல்லாம் எழுந்துவிடுவோம். அவர் எழமாட்டார். எழுதிய திருத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். இப்போது தப்பு என்று சிவப்பு விழ வேண்டும். விழுந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். "ஹாங், இப்ப நம்பறேன். எதுக்கும் பச்சை காட்டுறவனை வெச்சிக்கினு நாம இன்னா பண்றது?" என்பார்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், விடுப்பில் கிளம்பும் அவசரத்தில் ஒரு வேலையை அவருக்கு அனுப்பிவிட்டுப் போனேன். கல்யாண மாப்பிள்ளை என்று விட்டுவிடுவார் என்ற நப்பாசைதான். எங்கள் ஊரான கோலியனூரில் மண்டபத்துக்கு அந்தோணி அண்ணனோடு வந்தார், சந்தோஷமாகச் சாப்பிட்டார், மேடையேறிப் பரிசு கொடுத்தார். கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு லட்சணமா இருக்கா. அந்த டெஸ்ட் தப்பு. லீவு முடிஞ்சி வந்ததும் சரி பண்ணிடு." என் மனைவி இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு நோய் வந்தது. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் திண்டிவனம் வீட்டுக்குமாக அலைந்தார். முடிந்த நாட்களில் வீட்டிலிருந்தே வேலை செய்தார். அப்படி அனுப்பியதுதான் அந்தக் கடைசி வேலை. சின்னதுதான். வரலாற்றுப் பக்கத்தின் அடியில் 'இன்னும் பழையவை' என்று ஒரு பொத்தான் இருக்கும். எல்லாவற்றிலும் பழைய மாற்றத்தைப் பார்த்து முடித்த பிறகும் அது அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அழுத்தினால் வெற்றுப் பக்கம் வரும். அதற்கும் பழையது எதுவும் இல்லாதபோது பொத்தானை மறைக்கும்படி செய்திருந்தார். திருத்தம் சரி. டெஸ்ட்தான் தப்பு. பொத்தான் மறைகிறதா என்று பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மாதிரிக் களஞ்சியத்தில், அதாவது சோதனைக்காக உருவாக்கிய வரலாற்றுத் தொகுப்பில், ஒரு மாற்றம்கூட இல்லை. காலிக் களஞ்சியத்தில் அந்தப் பொத்தான் எப்போதுமே வராது. அவருடைய திருத்தம் இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதவில்லை. சிகிச்சையில் தலைமுடி கொட்டிப்போய்ப் படுத்திருக்கும் மனுஷியிடம் போய் உங்கள் டெஸ்ட் செல்லாது என்று எப்படிச் சொல்வது? மேரி இப்படித் தவறமாட்டாரே, மருந்து மயக்கம்தான் காரணமாயிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். அதைப் பெருந்தன்மை என்றும் நினைத்துக்கொண்டேன்.

சாத்துக்குடி வாங்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். மெலிந்திருந்தார், ஆனால் கண் அதே கண். உட்கார்ந்ததும் கேட்டார்.

"பார்த்தியா செல்வா?"

"இன்னும் இல்ல மேரி. கொஞ்சம் வேலைங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட் எடுத்துக்கினுதான கெடக்கிறேன். இத்துனூண்டு வேலை அது. தப்பு இருந்தா சொல்லு, இல்லன்னா உள்ள போடு. ரெண்டும் இல்லாம எதுக்கு வெச்சிக்கினு இருக்கிறே?"

நான் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தேன்.  அவர் கோலியனூரில் மழை உண்டா என்று கேட்டார். மேரி என்னிடம் மழையைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏழாம் நாள் பூசைக்குப் போயிருந்தேன். கோயில் வாசலில் அந்தோணி அண்ணன் என்னைத் தனியாக அழைத்துப்போனார். அவரிடம் கோபம் துளியும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

"தம்பி, கடைசி வாரம் அவ அனுப்புன வேலை இருக்கிற பக்கத்தைத் தொறந்து தொறந்து பார்த்துக்கினே இருந்தா. 'ஒவ்வொரு வரிக்கும் சண்டைக்கு வர்றவன் இப்ப வாயே தொறக்கல. நான் பொழைக்கமாட்டேன்னு செல்வாவுக்குத் தெரிஞ்சிப்போச்சு'ன்னு சொன்னா. அதுவரைக்கும் அவ நம்பிக்கையாத்தான் இருந்தா. டாக்டர்ங்க எதையும் நேரா சொல்லல, நாங்களும் சொல்லல. உங்ககிட்ட இருந்துதான் தெரிஞ்சிக்கினா."

 தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினேன். எத்தனையோ பேர் முன்னால் எத்தனையோ தடவை அசிங்கப்பட்டிருக்கிறேன். இது அந்த ரகம் இல்லை. என்னை எந்தக் காரணத்துக்காகவும், கல்யாணத்துக்காகக்கூட, சலுகை தந்து மட்டமாக எடைபோடாத ஒருத்தியை நான் அவள் உயிரோடு இருக்கும்போதே கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். சீ, எவ்வளவு பெரிய அவமரியாதை! அதற்குப் பெயர் இரக்கமாம்.

மறுநாள் அலுவலகத்தில் இளையவர்கள், "மேரியக்காவோட கடைசி வேலைங்க, அப்படியே உள்ள போட்டுடலாம்" என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நான் உட்கார்ந்து அவருடைய வேலைக்குக் கீழே எழுதினேன்: 'மேரி, திருத்தம் சரி. டெஸ்ட் சரியில்லை. மாதிரிக் களஞ்சியம் காலியாக இருக்கிறது. நீங்கள் திருத்தியதை எடுத்துவிட்டு ஓட்டினாலும் பச்சைதான் விழுகிறது. சரி செய்யுங்கள்.'  பிறகு டெஸ்டை நானே தனித் துண்டாகத் திருத்தி, அதை என் பெயரில் போட்டேன். அவருடைய வேலை அவர் பெயரில், அவர் எழுதியபடியே, உள்ளே போனது. இப்போது வரலாற்றைத் திறந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வந்து எட்டிப் பாருங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். படுக்கையில் இருக்கிறவரையும் நடமாடுகிறவரைப்போலவே கண்டிப்பது. போன வாரம் நம் ஆபீஸ் சங்கர், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறவர், ஒரு வேலை அனுப்பியிருந்தார். நிறைய ஓட்டை. கை தயங்கியது. ஆனாலும் அன்றைக்கே ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பிவிட்டேன். அரைமணி நேரத்தில், 'உனக்கு மனசாட்சியே இல்லையாய்யா, தையல்கூடப் பிரிக்கலை' என்று ஆரம்பித்து, என் ஒவ்வொரு வரியையும் மறுத்துச் சண்டை போட்டு நீளமாகப் பதில் வந்தது. மேரியும் என்னோடு இப்படித்தான் சண்டை போட்டிருப்பார் என்று நினைத்தபடியே கடைசி வரிவரை படித்தேன். மாடிப்படியில் போய் நின்று, மேரி போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதேன்.