பச்சையம்மா கையால் போணி

"பேகம்மா மாவு மிஷின வித்துட்டாங்களாம் யக்கா," என்றான் வாழை இலை விற்கும் பாண்டுரங்கன். "அதுவும் அந்த ஆனந்தகுமாருக்கே."

"யார்ரா சொன்னது?"

"பால் போடறவன் டீக்கடைல சொல்லிக்கினு இருந்தானாம். டீக்கடை மாமா எங்கிட்ட சொன்னாரு."

பச்சையம்மா வஞ்சிரத்தின் தலையை ஒரே வெட்டில் துண்டித்தாள். கத்தி கட்டையிலேயே பதிந்து நின்றது.

மந்தைவெளிச் சந்தில் மீன் வறுவல் கடை போடும் முன், நொச்சிக்குப்பத்திலிருந்து கூடை சுமந்து தெருத் தெருவாக விற்றவள் அவள். கூடையில் கைவைத்த ஒருவனின் முன்பல்லை எடைக்கல்லால் உடைத்தவள். குடித்துவிட்டு அடிக்க வந்த புருஷனின் மணிக்கட்டை முறித்து, தானே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய்க் கட்டும் போட்டுவந்தவள். அப்படிப்பட்ட கைதான் சந்துக்கே ராசியான கை. காலையில் முதல் வியாபாரத்தைப் பச்சையம்மா போணி பண்ணிவிட்டால் அன்றைக்குச் சரக்கு தங்காது என்பார்கள். அதனால் தினமும் ஒரு சுற்று வருவாள். பாண்டுவிடம் இலை, டீக்கடையில் டீ, கடைசியாக அன்வரி பேகத்தின் மிஷினில் மிளகாய்த்தூள்.

ரவுடி ஆனந்தகுமார் தன் ஆட்களோடு சந்துக்குள் வந்த பிறகு அந்தச் சுற்று குலைந்தது. தண்ணீர் கேன், எண்ணெய், பாக்கெட் மசாலா எல்லாம் அவன் வேனில்தான் வாங்க வேண்டும். மறுத்த டீக்கடையின் கண்ணாடி நொறுங்கியது. தையல்காரரின் விரல்களை ஷட்டருக்கு அடியில் வைத்து நசுக்கினார்கள். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தனித்தனியாக எல்லோரும் வாங்கத் தொடங்கினார்கள். மசியாமல் நின்றவர்கள் பச்சையம்மாவும் பேகமும்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வித்துட்டாளா அவ?"

"நேர்ல போய்க் கேட்டுடேன் யக்கா."

"இன்னாத்துக்குக் கேக்கணும்? சூடு சொரண இல்லாதவளா நானு?"

அன்று அவள் மிஷின் பக்கம் போகவில்லை. சந்துமுனையில் நின்ற ஆனந்தகுமாரின் வேனுக்குப் போய், "ஒரு பாக்கெட் மொளகாத்தூள் குடு," என்றாள். டிரைவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. அவள் நீட்டிய நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவள் திரும்புவதற்குள் போனை எடுத்தான்.

"அண்ணே, பச்சையம்மாவே வாங்கிருச்சு. இன்னிக்கு அதுதான் நம்ம போணி. அந்தக் கெழவி பக்கம் இனி ஒரு நாய் வராது."

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. தகரம் கிழிந்தது, பெல்ட் கிறீச்சிட்டு அறுந்தது, அதற்கு மேல் ஒரு பெண்ணின் அலறல். பச்சையம்மா கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மிஷினை இரண்டு பேர் சம்மட்டியால் பிளந்துகொண்டிருந்தார்கள். பேகம் தரையில் கிடந்தார். மண்டையிலிருந்து வழிந்த ரத்தம் கொட்டிக்கிடந்த மிளகாய்த்தூளில் ஊறிக்கொண்டிருந்தது. அவருடைய மகள் ஜுவேரியா கைகளை விரித்துக் குறுக்கே நின்றாள். ஆனந்தகுமார் இரும்புக் கம்பியை ஓங்கியிருந்தான்.

"விக்க மாட்டேன்னு இன்னும் சொல்லுவியா? பச்சையம்மாவே எங்கிட்ட சரக்கு வாங்கிடுச்சு, தெரியும்ல?"

"பொய்யி," என்றார் பேகம். வாயெல்லாம் ரத்தம். "அவ வாங்க மாட்டா."

"தோ, வந்துகினு கீதே. நீயே கேட்டுக்கோ."

பேகம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பச்சையம்மா குனிந்தாள். ஒரு கை தூளை அள்ளி அவன் கண்ணில் அடித்தாள். குருட்டாம்போக்கில் வீசிய கம்பி அவள் தோளில் இறங்கியது, எலும்பு நொறுங்குவது அவளுக்கே கேட்டது. மறுகைக் கத்தி அவன் முன்கையை முழங்கைவரை கிழித்தது. சம்மட்டிக்காரர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

எதிர்ச்சாரியில் பாதி இறக்கிய ஷட்டர்களுக்கு அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன.

"வேடிக்க பாக்கறீங்களாடா பாவிங்களா!" என்று கத்தினாள். "ஒருத்தன் ஒருத்தனா நாம வாங்கித்தான்டா அவன் கம்பி தூக்கினு நிக்கறான்! நானும்தான் வாங்கினேன்! இன்னிக்கு இவ, நாளைக்கு யாருடா?"

முதல் ஷட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவன் பாண்டு, இலை நறுக்கும் கத்தியோடு. அவன் பின்னால் டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலைச் சட்டியோடு தூக்கிவந்து ஒரு சம்மட்டிக்காரனின் முதுகில் ஊற்றினார். நசுங்கிய விரல்களோடு தையல்காரர் இன்னொருவனின் முழங்காலை இஸ்திரிப்பெட்டியால் அடித்து மடக்கினார். ஆனந்தகுமாரை அவன் ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட, சந்தே சேர்ந்து வேனைக் கவிழ்த்தது. எண்ணெய் சாக்கடையில் ஓடியது.

ஜுவேரியா அம்மாவை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் போய்விட்டாள். ஏற்றும்போதே பேகத்துக்கு நினைவில்லை. பச்சையம்மா கத்தியது அவர் காதில் விழுந்ததா என்பது யாருக்கும் தெரியவில்லை.

"நீயும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு யக்கா. கை தொங்குது பாரு."

"மொதல்ல அவளுக்குப் போனைப் போடு. அவ நம்பலடா, பாண்டு. எவன் சொல்லியும் நம்பல. நான் நம்பிட்டேன். என் வாயாலயே அவகிட்ட சொல்லணும்."

அவளுடைய விரல்களில் ரத்தமும் தூளும் அப்பியிருந்ததால், தொட்டும் போனின் திரை அசையவில்லை. பாண்டுதான் ஜுவேரியாவின் எண்ணை அழுத்தி, அவள் காதில் வைத்துப் பிடித்தான். கடைக்காரர்கள் சுற்றி நின்றார்கள். மணி ஒருமுறை முழுதாக அடித்து ஓய்ந்தது.

"மறுபடியும் போடு."

போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.