வெள்ளைப் பூ வந்த நாள்

வாழையிலைத் துண்டில் பூவை வைத்து மடித்து நாரால் கட்டிவிட்டால், உள்ளே இருப்பது செவ்வரளியா நந்தியாவட்டையா என்று கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். அரளி மொட்டு குச்சிபோல முறுக்காக நிற்கும், நந்தியாவட்டை அமுங்கிக் கொடுக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பத்து வயதில், எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலின் ஈரத் தரையில் முட்டிபோட்டுக் கையை நீட்டியபோது நானாகத் தெரிந்துகொண்டேன்.

அப்போது நானும் அம்மாவும் குத்துக்கல்வலசையில் ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பா செங்கோட்டைக்கு அப்பால் மலை தாண்டி ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். மாதம் ஒரு கடிதம் வரும். தை மாதத்துக்குப் பிறகு அதுவும் வரவில்லை. தேடிப்போன மாமா, அப்பா அந்தத் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை என்று திரும்பிவந்து சொன்னார். அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் விரிப்பு துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். சாரல் நாட்களில் விரிப்பு எதுவும் காயாது, அறைக்குள் கொடி கட்டி விசிறியைப் போட்டு உலர்த்துவார்கள். அம்மா வீட்டுக்கு வரும்போது அவள் மேலும் காயாத துணியின் மணம்தான் இருக்கும்.

ஆடியில் மாமா கடையத்திலிருந்து மறுபடியும் வந்தார். அம்மாவின் அண்ணன், சொந்தமாக வயல் உள்ளவர்.

"ஏட்டி, இன்னும் எத்தன நாளைக்கு இங்கன இருந்து வழியப் பாத்துக்கிட்டு இருப்ப? பொறப்பட்டு வா. பயல ஆறாங்கிளாஸ்ல நான் சேக்குதேன்."

"நான் என்னத்தச் சொல்ல, அண்ணே. ஆத்தாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றாள் அம்மா.

அப்படிக் கேட்பதை எங்கள் பக்கம் "பூக்கட்டிப் பாக்கது" என்பார்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பூவைத் தனித்தனியே கட்டி, தட்டில் குலுக்கி அம்மன் முன்னால் போட வேண்டும். சூதுவாது தெரியாத பிள்ளை ஒன்று எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இங்கேயே இருப்பது, சிவப்பு வந்தால் கடையம் போவது என்று பேசிக்கொண்டார்கள். "தொட்டத விடப்படாதுலே, தொட்டா எடுத்திரணும்" என்று பூசாரி என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

எனக்குக் கடையம் போகப் பிடிக்கவில்லை. பூட்டிய வீட்டைப் பார்த்தால் அப்பா அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் கேட்டு மாமா வீட்டுக்கு வரமாட்டாரா என்று இப்போது தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை.

முதலில் தொட்டது முறுக்காக இருந்தது. பூசாரி கற்பூரம் எடுக்கத் திரும்பியிருந்தார், மாமா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார், அம்மாவும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றதுபோலத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

பிரித்தால் வெள்ளை. "ஒங்க ஆத்தாளும் ஒன்ன மாதிரிதான்ட்டி, புடிச்சா விடமாட்டா" என்று மாமா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அன்று மாலையே பஸ் ஏறிப் போய்விட்டார். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. அம்மாவோடு லாட்ஜுக்குப் போய் விரிப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவளும் பிடித்துப் பிழிவோம்.

அப்பா வரவில்லை. கேட்பவர்களிடமெல்லாம் அம்மா, "இங்கன இருன்னு சாமி சொல்லிருக்கு, ஆள் வரும்" என்பாள். அப்பாவின் சட்டை ஒன்றை, பூசணம் பிடிக்கக் கூடாதென்று வாரா வாரம் துவைத்து மடித்து வைப்பாள். அருவியில் தண்ணீரே விழாத ஒரு வருடம் லாட்ஜில் ஆள் இல்லை, வேலையும் இல்லை. ரேஷன் அரிசிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டும் அதையேதான் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும். கோயிலில் தூணுக்குப் பின்னால் நின்றே கும்பிடுவேன். பிறகு கும்பிடவும் கூசிற்று. எவரோடும் அதிகம் பேசாதவனாக அப்போதே ஆகிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நாற்பது வயதுக்கு மேல், ஒரு மத்தியானம், அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும்போது எப்படியோ வாய் திறந்துவிட்டது.

"அம்மா, மாமா வந்தப்பம் பூ எடுத்தம்லா. நான் மொதல்ல தொட்டது சிவப்பு. விட்டுட்டு மத்ததை எடுத்துட்டேன்."

கீரை உருவிய கை நிற்கவில்லை. "தெரியும்லே" என்றாள்.

"கண்ண மூடிக்கிட்டுல்லா நின்ன?"

"பெத்த புள்ள சாமி முன்னால கைய நீட்டுதான். எவ கண்ண மூடுவா?"

"பெறவு ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"சொன்னா மறுபடி போடுங்கம்பாவ. எனக்குப் போக மனசில்ல." உருவிய காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு அவளே சொன்னாள்: "ஆனா பயந்து கெடந்தேன். ஆத்தா சொல்லாத வழியில நிக்கோம், கைவிட்டுருவாளோன்னு. தெனமும் போயி அதத்தான் கேட்டேன், கைவிட்டுராத தாயேன்னு."

"விடலியா?"

"நீயும் நானும் இந்தா இருக்கோம்லா. அந்த மொறத்த எடு."

ஒரே வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் ஆளுக்கொரு பக்கம் தனியாகப் பயந்திருக்கிறோம். நான் பயந்து கோயிலை விட்டு ஒதுங்கினேன், அவள் பயந்து கோயிலுக்குப் போனாள். சாமி சொன்னதை நம்பித்தான் அவள் தைரியமாக இருக்கிறாள் என்று நான் எண்ணியிருந்தேன். சாமி சொன்னதாக நம்ப அவளிடம் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. சொல் இல்லாமலேதான் நம்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு நான் தூணுக்கு முன்னால் வந்து நின்று கும்பிடத் தொடங்கினேன்.

அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு, தெருவில் எல்லாம் மாடி வீடுகளாகிவிட்டன. கோயிலுக்குக் கிரில் கதவு போட்டு டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். பூசாரி சாயங்காலம் பைக்கில் வந்து விளக்கேற்றிவிட்டுப் போகிறார். பூக்கட்டிப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டையும் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டு, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வடகரையில் ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலையும் தங்க ஓர் அறையும் கிடைத்திருக்கிறது. என்னவாகும் என்று தெரியாது. அம்மனிடம் எதையும் கேட்கவில்லை, போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

கிளம்புகிற அன்று காலையில் முனைப் பலசரக்குக் கடைக்குப் போய், யாராவது தேடி வந்தால் சொல்லும்படி கடைக்கார அம்மாவிடம் வடகரை விலாசத்தைக் கொடுத்தேன்.

"ஒங்களத் தேடி யாரு அண்ணாச்சி வருவா? பொண்ணு வீட்டுக்காரவளா?" என்று சிரித்தாள்.

"எங்க அப்பா வந்தாலும் வருவாவ."

என் நரைத்த தலையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பி வைத்துக்கொண்டு, "அவுக பேரு சொல்லுங்க, வந்தா கேக்கணும்லா" என்றாள்.

"சுடலைமுத்து" என்றேன். வாய்விட்டு அந்தப் பேரைச் சொல்லி எத்தனையோ வருடமாகியிருந்தது. அவள் சரியாக எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தேன்.