திரும்பி வந்த வெறுந்தட்டு

எழுபதுகளில் கல்யாணமாகி ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தேன். முதல் கிறிஸ்துமஸ் வருவதற்குள் எனக்கு ஏழு மாதம். கணவர் விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். வலி எடுத்தால் கூப்பிட எனக்கிருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அக்கா. அவளுக்குப் பெருமாள் கோவில், எனக்கு மாதா கோவிலுக்கு எதிரே இருந்த சபை. தீபாவளிக்கு அவள் அனுப்பிய பலகாரத் தட்டைச் சர்க்கரை போட்டுத்தான் திருப்பினேன். யார் வீட்டுத் தட்டையும் வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது வழக்கம்.

என் கெட்ட நேரம், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு போதகர் அகாப்பே என்ற கிரேக்கச் சொல்லை விளக்கினார். பதிலுக்கு எதையும் எதிர்பாராத அன்பாம். கடவுள் நம்மேல் வைத்தது அந்த அன்புதானாம். எனக்குப் புல்லரித்துவிட்டது. எதையும் அரைகுறையாகச் செய்யும் பழக்கம் எனக்குக் கிடையாது.

தட்டு நிறைய அதிரசத்தோடு அவள் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, இது அகாப்பே."

"பாத்தா அதிரசமாட்டம் கீது?"

"அன்புக்கா. பதிலுக்கு நீங்க ஒண்ணும் தரக் கூடாது. தட்டுல சர்க்கரைகூட வேணாம். போட்டா வாங்க மாட்டேன்."

அவள் முகம் தொங்கிவிட்டது. "இன்னாத்துக்கு? எங்க வூட்டு சர்க்கரை கசக்குதா?"

விளக்க விளக்க மோசமானது. மறுநாள் தட்டு என் வாசலில் கிடந்தது. கழுவித் துடைத்து, கவிழ்த்து, வெறுமையாக. அதோடு பேச்சும் நின்றது. குழாயடியில் என் குடத்துக்கு வழிவிடுவாள், வாய் திறக்கமாட்டாள். நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம். அதைவிட, அவள் சொல்லும் ஊர்வம்பு இல்லாமல் பொழுதே போகவில்லை. போதகர்மேல்கூடக் கோபம் வந்தது.

பொங்கலன்று அவள் வீட்டு நெய் வாசனை என் அடுப்படிவரை வந்தது. மானம் போனால் போகிறதென்று அதே தட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, பொங்கல் குடுங்க. நாக்கு ஊறுது."

"எங்க வூட்டுது வேணான்ன?"

"குடுக்கத் தெரிஞ்ச அளவுக்கு எனக்கு வாங்கத் தெரியலக்கா."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் என் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, தன் பித்தளைத் தட்டில் முந்திரியாகப் பொறுக்கிப் போட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காம்.

"எங்க தட்டைத் திருப்பிக் குடுக்கும்போது அந்த அகாப்பே நாலு போட்டுக் குடு. பாகு நல்லா வந்திருந்திச்சு."